முத்திரையும் நடையும்: மைதானம் குணத்தை வளர்த்ததா?

1888ஆம் ஆண்டில், ஆறு மாத இடைவெளியில், ராஜ்கோட்டில் பள்ளிப் படிப்பை முடித்த இரண்டு இளைஞர்கள் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினர். மார்ச்சில் சென்றவர் நவாநகர் அரச குடும்பத்தோடு தொடர்புடைய ரஞ்சித்சிங். ராஜ்குமார் கல்லூரியின் கிரிக்கெட் அணித் தலைவராக இருந்த அவரைக் கல்லூரி முதல்வரே உடன் அழைத்துச் சென்றார். செப்டம்பரில் சென்றவர் அதே ஊரின் உயர்நிலைப் பள்ளியில் படித்த மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. கடல் கடப்பதற்காகச் சாதிப் பெரியவர்கள் விலக்கி வைத்த நிலையில் அவர் புறப்பட்டார். முன்னவர் மைதானத்தில் வளர்ந்தவர். பின்னவர் மைதானத்தைக் கண்டால் ஒதுங்கிப் போனவர்.

கல்லூரி விளையாட்டு விழாக்களில் தலைமை விருந்தினர் எவராயினும் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: விளையாட்டு நற்குணத்தை வளர்க்கிறது. தொன்மையான முதுமொழி போல் ஒலிக்கும் இந்த வாக்கியத்துக்குப் பிறந்த இடமும் காலமும் உண்டு. அது இந்தியாவுக்குள் நுழைந்த வாசல்களில் முதன்மையானது ராஜ்கோட். அந்த ஊரின் இரு மாணவர்களை அருகருகே வைத்துப் பார்ப்பது இக்கூற்றைச் சோதிக்க ஒரு நல்ல தொடக்கம்.

பிறப்பிடம் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்து. ரக்பி பள்ளியின் புகழ்பெற்ற தலைமையாசிரியர் தாமஸ் ஆர்னால்டின் பெயரோடு இக்கருத்தைப் பிணைத்துப் பேசுவது வழக்கம். ஆனால் ஆர்னால்டுக்கு ஆட்டங்களில் பெரிய அக்கறை இருக்கவில்லை. சமயமும் ஒழுக்கமும் கல்வியுமே அவருடைய கவலைகள். 1842இல் அவர் இறந்து 15 ஆண்டுகளுக்குப் பின், அவருடைய மாணவர் தாமஸ் ஹியூஸ் எழுதிய 'டாம் பிரௌனின் பள்ளி நாட்கள்' என்னும் நாவல்தான் ரக்பியையும் ஆட்டக் களத்தையும் ஒழுக்கத்தையும் பிரிக்க முடியாதபடி முடிச்சுப் போட்டது. 1864இல் அந்நாட்டுப் பெரும் பள்ளிகளை ஆராய்ந்த கிளாரண்டன் குழுவும், கிரிக்கெட், கால்பந்து மைதானங்கள் வெறும் பொழுதுபோக்கு இடங்கள் அல்ல, சமூகப் பண்புகளை உருவாக்குபவை என்று தன் அறிக்கையில் சான்றளித்தது. ஒரு நாவலும் ஓர் அரசு அறிக்கையும் சேர்ந்தால் எந்தக் கருத்தும் இயற்கை விதியாகிவிடும் போலும்.

1857க்குப் பிந்தைய ஆங்கில அரசுக்குச் சமஸ்தானங்களை விழுங்குவதைக் காட்டிலும் அவற்றின் வாரிசுகளைப் பழக்குவது உசிதமாகப் பட்டது. 1870இல் ராஜ்கோட்டில் ராஜ்குமார் கல்லூரி திறக்கப்பட்டது. அஜ்மீரில் மேயோ கல்லூரியும் லாகூரில் ஐச்சிசன் கல்லூரியும் அடுத்தடுத்து எழுந்தன. ராஜ்கோட்டின் முதல்வராக வந்த செஸ்டர் மெக்னாட்டன், கேம்பிரிட்ஜில் பயின்றவர். இறக்கும் வரை, அதாவது 1896 வரை, அப்பொறுப்பிலேயே இருந்தார். டாம் பிரௌன் நாவலின் கிரிக்கெட் பகுதியைக் கத்தியவார் இளவரசர்களுக்கு அவர் உரக்கப் படித்துக் காட்டினார். தனிமனிதன் பதினொருவரில் கரைந்து போக வேண்டும், தன் புகழுக்காக அல்லாமல் தன் அணிக்காக ஆட வேண்டும் என்பது அப்பகுதியின் சாரம்.

பதினொருவரில் கரைந்து போக அழைக்கப்பட்டவர்கள் யார் என்பதை எண்ணிப் பார்த்தால் இக்காட்சியின் விநோதம் புலப்படும். கத்தியவாரில் மட்டும் இருநூறுக்கு மேற்பட்ட சமஸ்தானங்கள் இருந்தன. எந்தச் சமஸ்தானம் எந்த வகுப்பு, எந்த மன்னருக்கு எத்தனை பீரங்கிக் குண்டு மரியாதை என்று எண்ணி வரிசைப்படுத்தி வைத்திருந்ததே ஆங்கில அரசுதான். வரிசையை ஒரு கையால் கட்டிக் காத்துக்கொண்டு மறுகையால் சமத்துவ ஆட்டத்தைக் கற்பிக்க முயன்ற நிறுவனங்கள் இவை. அங்கே 'குணம்' என்ற சொல்லுக்கு இருந்த பொருளும் குறுகியது: நேரம் தவறாமை, கட்டளைக்குப் பணிதல், தோல்வியில் முகம் சுளிக்காமை, ஆட்ட நடுவரின் தீர்ப்பை மறுகேள்வியின்றி ஏற்றல். சமஸ்தானத்தில் குடியமர்த்தப்பட்ட ஆங்கில அதிகாரியின் சொல்லை எதிர்க்காத மன்னர் ஒருவருக்கு இவை பொருத்தமான குணங்களே.

ரஞ்சித்சிங் இப்பயிற்சியின் தலைசிறந்த விளைச்சல். கேம்பிரிட்ஜில் பல்கலைக்கழக அணிக்குள் நுழைய அவர் 1893 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1892இல் அவரைத் தேர்ந்தெடுக்காத அணித் தலைவர் ஸ்டான்லி ஜாக்சன், ஹாரோ பள்ளி மைதானத்தில் வளர்ந்தவர். இடையில் லார்டு ஹாக்கின் அணியோடு இந்தியாவுக்கு ஆட வந்து சென்ற பிறகே அவர் மனம் மாறினார். ஓர் இந்தியன் தன் பக்கத்தில் நின்று ஆடத் தகுந்தவன் என்பதை ஹாரோவின் மைதானம் அவருக்குக் கற்பிக்கவில்லை. ஒரு பயணம் கற்பித்தது. (இதே ஜாக்சன்தான் பின்னாளில் வங்காள ஆளுநராகி, 1932இல் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் பினா தாஸ் என்னும் இளம்பெண் சுட்ட குண்டுகளுக்குத் தப்பியவர்.)

1896இல் இங்கிலாந்துக்காக முதல் டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கிய ரஞ்சித்சிங், மான்செஸ்டரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 62 ரன்களும், ஆட்டமிழக்காமல் 154 ரன்களும் எடுத்தார். அழகான ஆட்டம், இனிய பேச்சு, தாராளமான கை. கூடவே, கேம்பிரிட்ஜ் நாட்களிலிருந்தே தொடர்ந்து வந்த கடன். 1907இல் நவாநகரின் ஜாம் சாகிப் ஆன பிறகு, சொந்த நாட்டுக் கிரிக்கெட்டுக்கு அவர் செய்தது மிகக் குறைவு. தன்னை ஆங்கில ஆட்டக்காரராகவே கருதி வாழ்ந்தார். இதைக் குற்றமாகச் சொல்வதற்கில்லை. மெக்னாட்டனின் கல்லூரி எதற்காகக் கட்டப்பட்டதோ அதையே அவர் நிறைவேற்றினார். பயிற்சி தோற்றது என்பதல்ல, வென்றது என்பதே இங்குள்ள சிக்கல்.

இப்போது அதே ஊரின் மற்றொரு மைதானம். உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் தோராப்ஜி எதுல்ஜி கிமி என்னும் பார்சி, மேல்வகுப்பு மாணவர்களுக்கு உடற்பயிற்சியையும் கிரிக்கெட்டையும் கட்டாயமாக்கினார். காந்திக்கு இரண்டும் பிடிக்கவில்லை. கூச்சம் ஒரு காரணம். பள்ளி விட்டதும் ஓடிச் சென்று நோயுற்ற தந்தைக்குப் பணிவிடை செய்ய வேண்டும் என்ற ஆவல் மற்றொன்று. விலக்குக் கேட்டபோது கிமி மறுத்துவிட்டார். ஒரு சனிக்கிழமை. காலையில் பள்ளி முடிந்து வீடு திரும்பிய மாணவர்கள் மாலை நான்கு மணிக்கு உடற்பயிற்சிக்குத் திரும்பி வர வேண்டும். காந்தியிடம் கைக்கடிகாரம் இல்லை. மேகமூட்டம் நேரத்தை மறைத்தது. அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் கலைந்திருந்தனர். மறுநாள் வருகைப் பதிவைப் பார்த்த கிமி காரணம் கேட்டார். காந்தி நடந்ததைச் சொன்னார். கிமி நம்பவில்லை. ஓரணாவோ இரண்டணாவோ அபராதம் விதித்தார்.

பொய்யன் என்று தீர்ப்பாகிவிட்டதே என்று அந்தச் சிறுவன் அழுதான். உண்மை பேசுபவன் கவனமுள்ளவனாகவும் இருக்க வேண்டும் என்பதை அன்று உணர்ந்ததாகப் பின்னாளில் தன் வரலாற்றில் எழுதினார். குணம் உருவாகும் கணம் என்று எதையேனும் சுட்டலாம் என்றால் இதைச் சுட்டலாம். விளையாட்டு நிர்வாகத்தோடு தொடர்புடைய நிகழ்வுதான், ஐயமில்லை. ஆனால் ஆட்டத்துக்குள் நிகழ்ந்ததன்று. ஆட்டத்துக்குத் தாமதமாக வந்ததாலும், நம்பப்படாமல் போனதாலும் நிகழ்ந்தது. நேர்மையைக் கணக்கில் எடுத்துக்கொள்ள மறுத்த ஒழுங்குமுறை ஒன்று, தன்னையறியாமல் நேர்மையின் பாடத்தைப் புகட்டியது. விளையாட்டை வெறுத்தது தவறு என்றும், உடற்பயிற்சிக்கு மனப்பயிற்சிக்கு நிகரான இடம் வேண்டும் என்றும் காந்தி அதே பக்கங்களில் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அங்கே அவர் பேசுவது உடலைப் பற்றி.

இங்கே சொற்களைச் சற்று நின்று பார்ப்பது பயன் தரும். ஆங்கிலத்தில் 'கேரக்டர்' எனப்படும் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே அதன் மூலப்பொருள் செதுக்குதல், கீறுதல், நாணயத்தில் அச்சுப் பொறித்தல். உலோகம் குளிர்ந்த பின் அழியாத முத்திரை. ஆங்கிலக் கல்வி இந்திய மொழிகளில் இச்சொல்லுக்கு இணை தேடியபோது, இந்தியும் மராத்தியும் வங்காளமும் 'சரித்ர' என்ற சமஸ்கிருதச் சொல்லை எடுத்துக்கொண்டன. காதுக்கு இரண்டும் உறவு போல் ஒலிக்கின்றன. உண்மையில் உறவில்லை. 'சரித்ர'வின் வேர் 'சர்': செல்லுதல், நடத்தல். ஒருவன் எப்படி நடந்து செல்கிறான் என்பதே அவனது சரித்ரம். தமிழின் 'நடத்தை' நட என்பதிலிருந்தும், 'ஒழுக்கம்' ஒழுகு என்பதிலிருந்தும் கிளைத்தவை. இரண்டிலும் பாதை உண்டு, போக்கு உண்டு, பொறிப்பு இல்லை. இன்றும் கல்லூரியை விட்டு வெளியேறும் மாணவனுக்கு ஓர் எழுத்தர் 'நன்னடத்தைச் சான்றிதழ்' தட்டச்சு செய்து ரப்பர் முத்திரை குத்தித் தருகிறார். நடையைச் சான்றாக்கி அதன்மேல் முத்திரையிடும் அத்தாளில் இரண்டு கோட்பாடுகளும் ஒன்றையொன்று அறியாமல் சந்தித்துக்கொள்கின்றன.

சொற்பிறப்பு எதையும் நிரூபிக்காது. ஆயினும் கேள்வியைத் திருத்தி அமைக்க உதவுகிறது. மைதானம் ஒருவன்மேல் ஒரு முத்திரையைப் பதிக்கிறது, அவன் அதை எங்கும் சுமந்து செல்கிறான் என்பது ஒரு நம்பிக்கை. மைதானத்தில் ஒருவன் நன்றாக நடந்துகொள்வதற்குக் காரணம் அங்குள்ள கோடுகளும் விதிகளும் மட்டுமே, கோட்டைத் தாண்டியதும் அவன் வேறு பாதையில் வேறு விதமாக நடக்கிறான் என்பது மற்றொரு சாத்தியம். இந்திய வரலாறு எதை ஆதரிக்கிறது?

முத்திரைக் கோட்பாட்டுக்கு ஆதரவான வலுவான சாட்சி ஸ்ரீநகரில் கிடைக்கிறது. 1884இல் ஆக்ஸ்ஃபோர்டை வென்ற கேம்பிரிட்ஜ் படகுக்குச் சுக்கான் பிடித்தவர் செசில் டிண்டேல்-பிஸ்கோ. 1890இல் காஷ்மீர் மிஷன் பள்ளிக்கு வந்து, 1947 வரை அங்கேயே இருந்தார். 1891இல் பம்பாயிலிருந்து ஒரு தோல் கால்பந்தைக் கொண்டுவந்தார். மாணவர்கள் பெரும்பாலும் பண்டிதர் குடும்பத்துப் பிள்ளைகள். தோலைத் தொடுவது தீட்டு என்று மறுத்தனர். ஆசிரியர்கள் கையில் கழிகளோடு சூழ்ந்து நிற்க, பிள்ளைகள் மைதானத்துக்கு ஓட்டிச் செல்லப்பட்டனர். ஆட்டம் தொடங்கியது. பந்து ஒருவன் முகத்தில் மோதியது. தீட்டுப்பட்டுவிட்டதே என்று எல்லோரும் கதறி நின்றபோது, அவனைக் கால்வாயில் கழுவிக் கொண்டுவந்து ஆட்டத்தைத் தொடருங்கள் என்றார் பிஸ்கோ. தொடர்ந்தனர். இந்நிகழ்வைப் பெருமையோடு அவரே எழுதியிருக்கிறார். 1920இல் வெளிவந்த அவருடைய நூலின் தலைப்பே 'காஷ்மீரில் குணக் கட்டுமானம்' எனப் பொருள்படுவது.

இன்று படிக்கும்போது அக்கழிகள் உறுத்துகின்றன. உறுத்தவும் வேண்டும். தீட்டை உடைத்தது கால்பந்தா, கழியா என்ற கேள்விக்கு அவருடைய எழுத்தே விடை தந்துவிடுகிறது. ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் பிஸ்கோவுக்கு அநீதி செய்தவராவோம். அவருடைய பள்ளியின் மதிப்பெண் முறையில் புத்தகப் படிப்போடு உடலுக்கும் நடத்தைக்கும் தனி இடம் இருந்தது. குறிப்பிட்ட வயதுக்குள் நீச்சல் கற்காத மாணவனின் கட்டணம் உயர்த்தப்பட்டது. பள்ளிச் சின்னத்தில் குறுக்காக வைத்த இரு துடுப்புகள். அத்துடுப்புகள் பந்தயத்துக்கு மட்டுமானவை அல்ல. ஜீலம் நதி பெருக்கெடுத்தபோது அம்மாணவர்கள் படகோட்டிச் சென்று மக்களை மீட்டனர். தீ விபத்துகளில் நீர் இறைத்தனர். காலராக் காலத்தில் தெருக்களைத் துப்புரவு செய்தனர். மருத்துவமனையில் தேறிவரும் நோயாளிகளை ஏரியில் படகேற்றிக் காற்று வாங்க அழைத்துச் சென்றனர். துடுப்புப் பிடிப்பதே இழிதொழில் என்று கருதிய வீடுகளின் பிள்ளைகள் இவர்கள்.

இது சாதாரண மாற்றமன்று. ஆனால் அது எப்படி நிகழ்ந்தது என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். பிஸ்கோ விளையாட்டைத் தனியே விட்டு, அது தானாகக் குணத்தை விளைவிக்கும் என்று காத்திருக்கவில்லை. நீச்சல் கற்றவனை உடனே வெள்ளத்துக்கு அனுப்பினார். மைதானத்துக்கும் தெருவுக்கும் இடையில் ஒரு பாதையை வெட்டி, மாணவர்களை அதில் நாள்தோறும் நடத்தினார். அந்தப் பாதையைக் கழித்துவிட்டு மைதானத்தை மட்டும் பார்த்தால் என்ன எஞ்சும் என்பதைக் கல்கத்தாவும் பூனாவும் காட்டுகின்றன.

கல்கத்தாவில் இந்தியர் கால்பந்தின் தொடக்கம் மாணவர் மைதானத்தில்தான். 1877இல் ஹேர் பள்ளிச் சிறுவனாக இருந்த நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி தன் வகுப்புத் தோழர்களைத் திரட்டி ஆடத் தொடங்கினார். அருகிலிருந்த மாநிலக் கல்லூரியின் பேராசிரியர் ஸ்டாக் என்பவர் ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். பின்னர் நாகேந்திர பிரசாத் வெலிங்டன் கிளப்பை அமைத்தார். அதில் மணி தாஸ் என்னும் குயவர் வீட்டு இளைஞரைச் சேர்க்க முற்பட்டபோது, உறுப்பினர்களான உயர்சாதி இளைஞர்கள் எதிர்த்தனர். ஆங்கிலக் கல்வியும் கால்பந்துப் பயிற்சியும் ஒருங்கே பெற்றவர்கள் அவர்கள். நாகேந்திர பிரசாத் கிளப்பையே கலைத்தார். ஷோபாபஜார் கிளப்பைத் தொடங்கி மணி தாஸை அதில் சேர்த்தார். 1892இல் அந்த ஷோபாபஜார்தான் டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் கிழக்கு சர்ரே படைப்பிரிவை வென்று, ஆங்கிலேயர் அணியைத் தோற்கடித்த முதல் இந்திய அணி என்று பெயர் பெற்றது. எதிர்த்தவர்களும் எதிர்ப்பை மறுத்தவரும் ஒரே மைதானத்தில் ஒரே பந்தை உதைத்தவர்கள். மைதானம்தான் நாகேந்திர பிரசாத்தை உருவாக்கியது என்றால் மற்றவர்களை உருவாக்கியது எது?

பூனாவின் கதை இன்னும் நீளமானது. தோல் தொழிலோடு இணைத்துத் தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்ட சமார் சாதியில் பிறந்தவர் பல்வங்கர் பாலு. கல்லூரியின் வாசலை மிதிக்காதவர். ஐரோப்பியரின் பூனா ஜிம்கானாவில் மாதம் நான்கு ரூபாய்ச் சம்பளத்துக்குத் தரையைச் சமன்செய்து, உருளை இழுத்து, வலை கட்டும் வேலை. ஜே. ஜி. கிரெய்க் என்னும் ஆங்கிலேய ஆட்டக்காரர் பயிற்சிக்கு முன்னதாகவே வந்து இவரைப் பந்துவீசச் சொல்வார். மணிக்கணக்கில் வீசி வீசி, இடக்கை மெதுபந்தில் பாலு ஈடிணையற்றவரானார். மட்டையை மட்டும் யாரும் அவர் கையில் கொடுக்கவில்லை.

பூனாவின் இந்து அணியினருக்கு ஐரோப்பியரை வெல்ல வேண்டும் என்ற ஆசை இருந்தது. வெல்லப் பாலு வேண்டும். அந்த அணியின் பிராமணர்களில் சிலர் தயங்கினர், சிலர் வற்புறுத்தினர். இறுதியில் சேர்த்துக்கொண்டனர். மைதானத்தில் அவர் வீசிய தோல் பந்தை எல்லோரும் தொட்டுப் பிடித்தனர். தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் கூடத்துக்குள் பீங்கான் கோப்பையில் அருந்த, பாலுவுக்கு வெளியே, உடைத்து எறியும் மண்குவளையில் ஊற்றப்பட்டது. உணவுக்குத் தனித் தட்டு. முகம் கழுவத் தீண்டத்தகாத பணியாளர் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து தர வேண்டும். எல்லைக்கோட்டுக்கு உள்ளே தோழமை, வெளியே தீட்டு. ஒரே மனிதர்கள், ஒரே பிற்பகல். விதிகள்தாம் வேறு.

பிறகு நிலைமை சிறிது சிறிதாக இளகியது உண்மை. 1906இல் பம்பாயில் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ரன்களில் வென்றபோது, பாலுவும் அவர் தம்பி சிவராமும் அவ்வெற்றியில் பங்கு கொண்டனர். சீர்திருத்தவாதிகள் அதைச் சாதியின் தோல்வியாகவும் கொண்டாடினர். 1911இல் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. அணித் தலைவர் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங், ஐச்சிசன் கல்லூரியில் பயின்றவர், இருபது வயதை எட்டாதவர். முடிசூட்டு விழா ஆண்டின் விருந்துகளிலும் சந்திப்புகளிலும் மூழ்கி, பெரும்பாலான ஆட்டங்களில் அவர் களமிறங்கவே இல்லை. அந்தக் கோடை முழுவதும் பந்துவீசி 114 விக்கெட்டுகளைக் கைப்பற்றியவர் பாலு. அணிக்காக ஆட வேண்டும் என்ற பாடத்தைக் கட்டணம் கட்டிப் படித்தவர் ஒருவர். உருளை இழுத்தவர் மற்றொருவர்.

அத்தனைக்குப் பின்னும் இந்து அணியின் தலைமை பாலுவுக்குத் தரப்படவில்லை. 1913இல் தலைவரான எம். டி. பாய் அப்பெருமை பாலுவுக்கே உரியது என்று வெளிப்படையாகச் சொன்னது அவருடைய நேர்மைக்குச் சான்று. 1920இல் பாலு அணியிலிருந்தே விலக்கப்பட்டார். பாய் நோயுற்ற நிலையில், பாலுவின் தம்பி விட்டலுக்கு வந்திருக்க வேண்டிய தலைமை, அவரிலும் இளையவரான டி. பி. தேவ்தருக்குச் சென்றது. தேவ்தர் பிராமணர், பட்டதாரி, சமஸ்கிருதப் பேராசிரியராகப் பெயர் பெற்றவர். சிறந்த ஆட்டக்காரர்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் தேர்வில் எது எடை போடப்பட்டது என்பது சகோதரர்களுக்கு விளங்கியது. விட்டலும் சிவராமும் அறிக்கை வெளியிட்டு அணியிலிருந்து வெளியேறினர். காந்தியின் தீண்டாமை எதிர்ப்புப் பேச்சு நாடெங்கும் பரவிக்கொண்டிருந்த நேரம் அது. பத்திரிகைகள் பேசின. பொதுமக்கள் பேசினர். பாய் உடல்தேறி வந்து தலைமை ஏற்க, சகோதரர்கள் திரும்பினர், பாலு துணைத் தலைவரானார். 1923இல் விட்டல் தலைவரானார், இந்துக்கள் கோப்பையை வென்றனர்.

இரண்டு தலைமுறை ஆட்டக்காரர்கள் ஒன்றாக ஆடியும் திறக்காத கதவு, சிலர் ஆட மறுத்த பிறகு திறந்தது. விளையாட்டின் பண்பாட்டு ஆற்றலைப் போற்றும் நூல்கள் விட்டலின் தலைமையைத் தவறாமல் எடுத்துக்காட்டுகின்றன. வெளிநடப்பை அவ்வளவு உறுதியாக எடுத்துக்காட்டுவதில்லை. பாலு பின்னாளில் 1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று அம்பேத்கரிடம் தோற்றார். ஒரு காலத்தில் பாலுவுக்கான பாராட்டுரையை எழுதித் தந்தவர் அம்பேத்கர். அந்த வரலாறு தனியே எழுதத் தக்கது.

1934இல் இந்தியாவின் தேசியக் கிரிக்கெட் போட்டி தொடங்கியது. முதல் ஆட்டத்தில் சென்னை சேப்பாக்கத்தில் சென்னை அணி மைசூரை ஒரே நாளில் வென்றது. கோப்பைக்கு ரஞ்சித்சிங்கின் பெயர். நன்கொடை அளித்தவர் பூபிந்தர் சிங். ராஜ்குமார் கல்லூரியும் ஐச்சிசன் கல்லூரியும் ஒரே வெள்ளிப் பாத்திரத்தில் கைகோத்தன.

பம்பாயின் சமூகவாரிப் போட்டியோ அப்போதும் உச்சத்தில் இருந்தது. இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், ஐரோப்பியர், பிறர் என ஐந்து அணிகள். 1940 டிசம்பரில் இந்து ஜிம்கானாவின் பிரதிநிதிகள் வார்தாவுக்குச் சென்று, போட்டியை நடத்தலாமா என்று காந்தியிடம் கருத்துக் கேட்டனர். ராஜ்கோட்டில் மைதானத்தைத் தவிர்த்த சிறுவன் எழுபத்தொரு வயதில் கிரிக்கெட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது. உலகமே போரில் துயருறும்போது கேளிக்கை எதற்கு என்றார். சமய அடிப்படையில் அணி பிரிப்பதன் காரணம் தனக்கு ஒருபோதும் விளங்கியதில்லை என்றார். கல்லூரிகளுக்கும் நிறுவனங்களுக்கும் இடையே போட்டி நடப்பதைத் தன்னால் புரிந்துகொள்ள முடிகிறது என்றும் சொன்னார்.

இவ்வாறு, பழுதற்ற ஆட்டக்களமாகக் கல்லூரி மைதானம் மட்டும் அவருடைய சொல்லில் எஞ்சியது. பல்கலைக்கழகங்களுக்கிடையேயான ரோஹிண்டன் பாரியா கோப்பைப் போட்டி அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்புதான் தொடங்கியிருந்தது. அங்கே இந்துவும் முஸ்லிமும் பார்சியும் ஒரே பல்கலைக்கழகத்தின் தொப்பியை அணிந்து ஆடினர். சுதந்திரத்துக்குப் பின் இந்த மைதானத்தை ஊக்குவிக்க அரசும் பல்கலைக்கழகங்களும் கோப்பைகளும் சலுகை மதிப்பெண்களும் சேர்க்கையில் தனி ஒதுக்கீடும் வழங்கின. இவற்றால் பயன்பெற்றவர்களில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஏராளம். கல்லூரிக் கல்வியே விளையாட்டால்தான் கிட்டியது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். அது குணத்தைவிடக் குறைந்த பேறன்று. கூடவே, வயதுச் சான்றைத் திருத்தி இளையோர் போட்டிகளில் ஆடும் வழக்கமும் வளர்ந்தது. இளையோர் கிரிக்கெட்டில் இன்று சிறுவனின் சொல்லையும் பெற்றோரின் சொல்லையும் மட்டும் நம்பாமல், மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயதைக் கணிக்கிறார்கள். கிமியின் வருகைப் பதிவேடு எவ்வளவோ தூரம் வந்துவிட்டது.

காந்தியின் தீர்ப்புக்குப் பிறகும் ஐவகைப் போட்டி உடனே நின்றுவிடவில்லை. 1943இன் இறுதியாட்டத்தில் 'பிறர்' அணியின் 387 ரன்களில் விஜய் ஹசாரே தனியொருவராக 309 எடுத்தார். எதிரே இந்து அணிக்காக விஜய் மெர்ச்சண்ட் ஆட்டமிழக்காமல் 250 எடுத்திருந்தார். ஹசாரே கிறிஸ்தவர் என்பதால் அந்த அணி, மெர்ச்சண்ட் இந்து என்பதால் இந்த அணி. 1946ஆம் ஆண்டோடு போட்டி முடிவுக்கு வந்தது. மெர்ச்சண்ட் ஆட்டம் பழகியது பம்பாயின் சைடன்ஹாம் கல்லூரி அணியில்.